படத்தின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் 1990க்கு முந்திய படங்கள் மொத்தம் நாலுதான் இருக்கின்றன. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய கூப்பன் அட்டை எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு பிஸ்கற் டின்னுக்குள் உம்மா வைத்திருக்கிறார். ஒன்று மூத்தம்மாவின் அடையாள அட்டைப் படம். இன்னொன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்பது. அடுத்தது சாச்சாவின் கலியாணம். நாலாவது படத்தில் ஓர் இளைஞர் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார்.

உம்மாவின் ஊர் மறிச்சுக்கட்டி. 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். சில இடங்களில் சில மணித்தியாலங்கள், சில இடங்களில் சில நாட்கள், அவ்வளவுதான் அவகாசம். பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. எங்கள் குடும்பம் முதலில் ஓலைக் கொட்டிலில் இருந்து, பிறகு வண்ணாத்திவில்லுப் பக்கம் வந்தது. வரும்போது படத்தை எடுக்க வேணும் என்று உம்மாவுக்குத் தோன்றவில்லை. உறுதியைத்தான் எடுத்தார். அந்த உறுதி மடிப்புக்குள் இருந்தபடியால் நாலு படமும் கூடவே வந்துவிட்டன. சுவரில் மாட்டியிருந்தவை, அலுமாரிக்குள் அல்பத்தில் இருந்தவை எல்லாம் அங்கேயே போயின.

அந்த மறிச்சுக்கட்டிக் கரையை எடுத்த படங்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேல் பழையவை, நல்ல தெளிவானவை. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் பதிவை எழுத வேணும் என்று தோன்றியது.

புத்தளத்திலிருந்து வடக்கே போகும் றோட்டில் வண்ணாத்திவில்லு, அதற்கப்பால் எலுவன்குளம். எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில் கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்துக் காடு. காட்டின் வடக்கு எல்லை மோதரகம் ஆறு. அதைத் தாண்டினால் மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்பு என்று மன்னார்க் கரை. இராஜாங்கனைக் குளத்தின் வான்கதவு திறந்தால் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும், அந்த நாட்களில் றோட்டே இல்லை. ஊர்ப் பெயரில் உள்ள 'வில்லு' என்பது மழைத் தண்ணீர் தேங்கும் ஆழமில்லாத இயற்கைக் குளம். பெரியநாகவில்லு, மாவில்லு என்று இந்தப் பக்கம் பல ஊர்களில் அந்தச் சொல் இருக்கிறது. 'வண்ணாத்தி' என்றால் துணி வெளுக்கும் பெண்ணும்தான், பறக்கும் வண்ணாத்திப்பூச்சியும்தான். ஊர்ப் பெயரில் இருப்பது எது என்று வயசாளிகள் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். துணி வெளுத்த குளம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குளம் என்றால் படித்துறையும் கல்லும் துவைக்கும் சத்தமும் இருந்திருக்கும். அதை ஒருவர்கூடப் படம் எடுத்து வைக்கவில்லை.

படம் எடுத்தவர்கள் வந்தது முத்துக்காக.

மறிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டு நடந்த சலாபத்தைப் போல இன்னொன்று நடந்ததில்லை. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாவத்துறையைச் சலாபத்துறை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது இந்தச் சலாபம்தான். அந்த வருடம் 318 தோணிகள், ஏறத்தாழ 5,000 சுழியோடிகள், 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். அரசாங்கத்துக்கு வந்த வருமானம் 25 இலட்சம் ரூபாய். ஆள் நடமாட்டமில்லாத மணலில் ஓலையாலும் பாயாலும் ஒரு நகரமே எழுந்தது. கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சுழியோடி காலில் கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறங்க, தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முண்டக்கு. பின்னேரம் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பி எல்லாம் 'கொட்டு' என்ற பெரிய அடைப்புக்குள் போகும். அங்கே மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு உயிரைக் கொடுத்து மூழ்கியவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு இரவில் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். 1906இல் இந்தக் கொட்டில் கடமை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனார்ட் வூல்ஃப்.

இதையெல்லாம் படம் எடுத்தார்கள். ஃபிரெடெரிக் பென்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1907இல் வெளியிட்ட பயண நூலில் மறிச்சுக்கட்டி பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது, படங்களோடு. 1912இல் நேஷனல் ஜியோகிரபிக் இதழில் இலங்கை முத்துக்குளிப்பு பற்றிய கட்டுரை வந்தது. அந்தக் காலத்து அஞ்சலட்டைகளுக்கும் முத்துக்குளிப்பு பிடித்தமான பொருள்.

போன வருடம் அந்தப் படங்கள் சிலவற்றைத் தொலைபேசியில் இறக்கி உம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தோணியைப் பார்க்கவில்லை, முத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற ஒரு மனிதரைப் பெரிதாக்கச் சொன்னார்.

"இது ஆரு மகன்? எங்கட ஆக்கள் மாதிரி இருக்கே."

படத்தின் கீழே பார்த்தேன். சுழியோடி என்று எழுதியிருந்தது. அடுத்த படத்தில் வியாபாரி. அதற்கடுத்ததில் கூட்டம். பெயரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் விஞ்ஞானிகளும்தான். கல்லைக் கட்டி மூழ்கியவருக்குத் தொழில்தான் பெயர்.

1906இல் முத்துக்குளிக்கும் உரிமையை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு கம்பனிக்குச் சிப்பி கிடைக்கவில்லை, சில வருடத்தில் அது கலைந்துபோனது. முத்து போனதும் கமராவும் போய்விட்டது. அதே மணலில் பிறகும் மீன் பிடித்தார்கள், வயல் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பார்க்க வந்தவர்கள் யாரும் இல்லை.

கமராவுக்கு முந்திய காலத்தை எழுதி வைத்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர், கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. அவருடைய இலங்கை இடவிளக்க நூல் 1834இல் வந்தது. டகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறையை உலகத்துக்கு அறிவித்தது 1839இல். ஐந்து வருட இடைவெளி. 1870ஐ ஒட்டி ஜோசப் லோட்டன் என்ற படப்பிடிப்பாளரை அரசாங்கம் அனுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் அனுப்பியது. இடிபாடுகளின் அருமையான படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் காட்டுக்குள்ளும் பழமை இருந்தது, ஆனால் அது மண்ணுக்குக் கீழே கிடந்தது.

அந்த இடம் பொம்பரிப்பு. பொன்பரப்பி என்றும் எழுதுவார்கள். எலுவன்குளத்துக்கு வடக்கே, இப்போது வில்பத்துத் தேசிய வனத்துக்குள் இருக்கிறது. ஹோகார்ட் என்ற தொல்லியல் ஆணையாளர் 1920களில் அங்கே தோண்டினார். 1950களில் தெரணியகல தோண்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் விமலா பெக்லி வந்து தோண்டினார். பெரிய பெரிய மண் தாழிகள், உள்ளே எலும்புகள், கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள், மணிகள், இரும்பு, வெண்கலம். ஒரு தாழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்பும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த தாழிகளோடு இவற்றை ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். இரண்டு கரையிலும் இறந்தவர்களை ஒரே மாதிரி அடக்கியிருக்கிறார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது.

அகழ்வாய்வுப் படம் எடுப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. குழி, அளவுகோல், தாழி, தேதி, குழியின் இலக்கம் எல்லாவற்றையும் குறித்து வைப்பார்கள். பல நூறு வருடத்துக்கு முன் செத்தவருக்கு இலக்கம் கொடுத்து, எந்த ஆழத்தில் எந்தத் திசை பார்த்துக் கிடந்தார் என்பது வரை எழுதினார்கள். அந்த ஒழுங்கில் கால்வாசியாவது நம் வீட்டுப் படங்களுக்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு வகைப் படத்தையும் சொல்ல வேணும். 1956இல், கொழும்புத் திட்டத்தின் கீழ், ஒரு கனடிய நிறுவனம் விமானத்தில் பறந்து இலங்கை முழுவதையும் மேலேயிருந்து படம் எடுத்தது. புத்தளம் களப்பின் கண்டல் காடு எவ்வளவு குறைந்தது, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இறால் பண்ணைகள் எவ்வளவு இடத்தைத் தின்றன என்றெல்லாம் ஆய்வாளர்கள் கணக்குப் போடுவதற்கு இந்தப் படங்கள்தான் அடிப்படை. அறுவைக்காட்டில் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டுவதற்கு முந்திய நிலமும் அவற்றில் இருக்கிறது. பிறகு அந்தக் கல் தோண்டிய பக்கத்துக்குக் கொழும்புக் குப்பை வந்தது. 2018, 2019இல் புத்தளம் மக்கள் அதற்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். இடம் முன்னர் எப்படி இருந்தது என்று அடுத்த தலைமுறை கேட்டால் காட்டுவதற்கு மேலேயிருந்து எடுத்த படம் இருக்கிறது. கீழே நின்று பார்த்தவர் எடுத்த படம் வேணுமே.

அப்படியென்றால் எங்கள் சனங்களின் முகம் எங்கேதான் இருக்கிறது? நான் தேடிப் பார்த்த வரையில் அடையாள அட்டையில்.

ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது. அட்டை கொடுக்கத் தொடங்கியது 1972இல். அதுவரைக்கும் படம் என்பதே எங்கள் ஊர்ப் பெண்களில் பலருக்கு ஆகாத காரியம். மார்க்க ரீதியாகச் சரியா பிழையா என்ற கேள்வி ஒரு பக்கம், அந்நிய ஆண் முன்னால் போய் இருப்பது இன்னொரு பக்கம், செலவு வேறு. சட்டம் வந்த பிறகு எல்லாரும் கமராவுக்கு முன்னால் இருந்தாக வேண்டியிருந்தது. மூத்தம்மாவும் அப்படித்தான் இருந்தாவாம். தலைத்துணியை இழுத்துவிட்டு, சிரிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவருடைய முகம் இந்த உலகத்தில் பதிந்திருக்கும் ஒரே இடம் அந்தச் சிறு கறுப்பு வெள்ளைச் சதுரம். மற்ற வீடுகளிலும் கேட்டுப் பார்த்தேன். ஆறேழு வீட்டில் அதே கதை. வீட்டின் மிக மூத்த பெண்ணுக்கு அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், வேறில்லை. இத்தனை பெண்களின் முகத்தை எங்களுக்கு விட்டுப்போனது ஒரு சட்டம்.

பள்ளிக்கூடப் படத்தில் வேறு விஷயங்கள் இருக்கின்றன. முகங்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். சுவர் பாதி வரைக்கும்தான் கல், மேலே கம்பி வலை. கூரை ஓலை. பிள்ளைகளின் உடுப்பு ஒரே மாதிரி இல்லை. அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது 1993இல், இது அதற்கு வெகு முன்னர். பழைய படத்துக்குக் காலம் கணிக்க இப்படிச் சிறு தடயங்கள் போதும். லொறியின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் ஐம்பதுகளின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. சிவப்பு இ.போ.ச. பஸ் தெரிந்தால் 1958க்குப் பிந்தியது, பஸ் எல்லாம் அரசுடைமையானது அந்த வருடம்தான். படம் எடுத்தவர் முகத்தைப் பார்த்து எடுத்திருப்பார். ஊரின் சரித்திரம் ஓரத்தில் வந்து விழுந்திருக்கும்.

இந்த ஓரங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்பது எங்கள் சனத்துக்கு 2009இல் போர் முடிந்த பிறகுதான் விளங்கியது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் திரும்பிப் போனபோது இருபது வருடத்துக் காடு ஊரை மூடியிருந்தது. 2012இல் அந்தப் பகுதிகள் காடு என்று வர்த்தமானியில் வந்தன. 2017 மார்ச்சில் மாவில்லு ஒதுக்குக்காடு அறிவிக்கப்பட்டது. வில்பத்தை அழிக்கிறார்கள் என்று ஒரு பக்கம், இது எங்கள் பழைய ஊர் என்று மறு பக்கம். காடு வெட்டியது சட்டத்துக்கு முரண் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, திரும்ப மரம் நடச் சொன்னது. அந்த வழக்கின் சரி பிழையை இங்கே பேச வரவில்லை. காடும் எங்களுக்கு வேணும். 1938இல் தேசிய வனமான வில்பத்து இல்லாமல் எங்கள் மழையும் இல்லை, வில்லும் இல்லை. நான் சொல்ல வருவது வேறொன்று. அந்த வருடங்களில் "இங்கே ஊர் இருந்ததா?" என்று நாடு முழுவதும் கேட்டபோது, பதில் சொல்ல எங்களிடம் இருந்தது வாய்ச்சொல்தான். பள்ளிவாசல் திறப்பு, விளையாட்டுப் போட்டி, அறுவடை என்று எடுத்த படங்கள் வீட்டோடு அழிந்துவிட்டன. மிஞ்சிய ஒன்றிரண்டிலும் இடமும் தேதியும் எழுதியிருக்கவில்லை.

எழுதாமல் விட்டது எங்கள் தவறு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேணும்.

நடந்ததை மாற்ற முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சாச்சாவின் கலியாணப் படம் மங்கிக்கொண்டு போகிறது என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்து லெமினேட் பண்ணினோம். சூட்டில் படத்தின் மேற்பரப்பு குமிழ் விட்டு, மாப்பிள்ளையின் முகத்தில் பாதி போய்விட்டது. லெமினேட் பண்ணினால் திரும்பப் பிரிக்க முடியாது. தயவுசெய்து பண்ணாதீர்கள். ஒட்டும் பசைத்தாள் அல்பங்களும் கெடுதி. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடித்துவிடுங்கள். எங்கள் பக்கத்து உப்புக் காற்றும் புத்தகப்பூச்சியும் கடதாசிக்கு நல்லதில்லை. சாதாரணக் கடித உறை ஒன்றுக்கு ஒரு படம் என்று போட்டு, நிலத்தில் படாமல், காற்றோட்டமுள்ள அலுமாரியில் வைத்தால் போதும். கறுப்பு வெள்ளைப் படம் தாக்குப்பிடிக்கும். எழுபது, எண்பதுகளின் கலர்ப் படங்கள்தான் சிவந்து சிவந்து முதலில் போகின்றன, ஆகவே அவற்றை முதலில் ஸ்கேன் பண்ணுங்கள். 600 டிபிஐயில் வைத்தால் நல்லது. ஸ்கேனர் இல்லையென்றால் முற்றத்து நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலேயிருந்து தொலைபேசியால் எடுங்கள். முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை அங்கேதான் இருக்கும்.

நூலக நிறுவனம் 2005இலிருந்து இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. படங்கள், ஒலிப்பதிவுகளுக்கென்று ஆவணகம் என்ற தளம் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டில் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், 1880 முதல் 1980 வரையான குடும்பப் படங்களைச் சேகரித்தது, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு. அரசர் படமோ தலைவர் படமோ இல்லை, கலியாணமும் காதுகுத்தும்தான். அங்கே சாதாரணக் குடும்பப் படம் ஆவணமாகும்போது எலுவன்குளத்திலும் கரைத்தீவிலும் சேராக்குளியிலும் பூக்குளத்து வாடியிலும் இருப்பது ஏன் ஆகாது? தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று மூன்று சனமும் இருக்கும் பிரதேசம் இது. வில்பத்துக் காட்டுக்குள் பள்ளக்கண்டல் அந்தோனியார் திருநாளுக்குப் போய்வந்த குடும்பங்களிடம் நிச்சயம் படம் இருக்கும். எங்கள் படங்கள் மட்டும் போதாது, அவர்களுடையதும் வேணும்.

ஆனால் ஸ்கேனை விட அவசரமானது பெயர். படம் இன்னும் ஐம்பது வருடம் இருக்கலாம், பெயர் தெரிந்தவர் அதுவரை இருக்க மாட்டார். போன நோன்புப் பெருநாளுக்கு உம்மாவை இருத்தி, பள்ளிக்கூடப் படத்தில் இருந்த 31 பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். 19 பேரின் பெயர் சொன்னார். யார் வீட்டுப் பிள்ளை, இப்போது எங்கே, யார் மௌத் என்பது வரைக்கும் சொன்னார். ஒரு தாளில் வரிசைப்படி எழுதி, படத்தின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக இலக்கம் போட்டேன். பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். மிச்சம் 12 பேருக்காக உம்மாவின் மூத்த மச்சியிடம் கொண்டுபோனேன். இன்னும் 5 பெயர் கிடைத்தது. ஏழு பிள்ளைகள் பாக்கி.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் வயசான ஒருவர் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமையே டின்னைத் திறவுங்கள். ஒரு படத்தைக் கையில் கொடுத்து "இது ஆரு?" என்று கேளுங்கள். சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள், பெயரைப் பின்பக்கம் எழுதுங்கள்.

நாலாவது படம் மட்டும் அப்படியே இருக்கிறது. வெள்ளைச் சேட்டு, சாரம், இடது கையில் மணிக்கூடு. சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டை. கடைப் பலகையில் கடைசி நாலு எழுத்துகள் தெரிகின்றன: 'ஸ்டோ', அதற்குப் பக்கத்தில் 'ர்ஸ்' என்று பாதி வெட்டுப்பட்டு. உம்மாவுக்கும் தெரியவில்லை, மச்சிக்கும் தெரியவில்லை. எங்கள் உறுதிக்குள் எப்படி வந்தார் என்றும் யாருக்கும் விளங்கவில்லை. படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். எழுபதுகளில் மறிச்சுக்கட்டி அடங்கிய முசலிப் பக்கம் இருந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இவரை அடையாளம் கண்டால் எனக்கு எழுதுங்கள். பின்பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.